பதிமூன்று பாகை

எங்கள் வீட்டில் எதுவும் தொலைந்ததில்லை.
கம்மல் திருகாணி, உருளைக்கிழங்கு, தம்பியின் பென்சில்,
ஒருமுறை உடையாமல் ஒரு முட்டை,
எல்லாம் உருண்டு வடமேற்கு மூலைக்கு வந்துவிடும்.
சனிக்கிழமைதோறும் துடைப்பத்தோடு போய்
அள்ளிக்கொண்டு வருவேன்.

லீனா ஆறு பாதி வருஷத்துக்கு மேல் கல்லாய்க் கிடக்கும் ஊர்.
மண்ணுக்கடியில் இருப்பது
எந்தக் கோடையும் தொடாத பனி என்று
பள்ளியில் படித்தோம்.
பனி அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை.
முதலில் வாசல்படி ஒரு விரற்கடை விலகியது.
அப்புறம் கதவு
தானாகத் திறக்கும், மூடச் சொன்னால் மூடாது.
கெஸ்கில் கட்டிலின் இரண்டு காலுக்கு மட்டும்
லார்ச் கட்டை வைத்தான்.
சூப்பைக் கிண்ணத்தில் பாதிக்கு மேல் ஊற்றக்கூடாது
என்பது எங்கள் சட்டம்.

அளக்க வந்த பொறியாளர் சொன்னார்:
"உங்க அடுப்புச் சூடுதான் கீழே இறங்கி உருக்குது."
வெளியே மைனஸ் ஐம்பது.
அதே அடுப்பில் போட்ட தேநீரைக் கொடுத்தேன்.
இரண்டு கோப்பை குடித்தார்.

ஆறு வருஷம் மனு கொடுத்தேன்.
ஆறு வருஷமும் ஒரே பதில்:
வசிக்கத் தக்கது.

பிறகு ஒரு ஜூலையில் கப்பல் வழி தவறியதோ
டீசல் தீர்ந்ததோ,
எண்பது பேர் கரையிறங்கி நின்றார்கள்.
ஒருத்தி கையை உயர்த்தினாள்,
எங்கள் வீட்டைத் தாங்குகிற மாதிரி.
"இன்னும் கொஞ்சம் இடது. ஆங், அப்படியே."
அடுத்த கோடையில் எண்ணூறு பேர்.
சேற்றில் பலகை போட்டு
மஞ்சள் பெயின்டில் இரண்டு பாதம் வரைந்தது நகராட்சி,
எங்கே நிற்க வேண்டும் என்று காட்ட.
எத்தனையோ கைகள் தாங்கின.
ஒரு கையும் சுவரைத் தொட்டதில்லை.
எத்தனை ஊர்ப் போன்களில் இருக்கிறேனோ,
ஜன்னலில், வாயில் பிரஷ்ஷோடு.

அப்போதுதான் மனு நகர்ந்தது.
பதினாறே நாளில் சாவி வந்தது,
மூன்றாம் மாடி, புதுக் குடியிருப்பு.

நாங்கள் சட்டிபானை ஏற்றிக்கொண்டிருந்தபோது
லாரியில் எட்டு இரும்புக் கால்கள் வந்தன.
"நிமிர்த்தப் போறீங்களா?" என்றேன்.
மேஸ்திரி ஊய்பான் வாயில் ஆணியோடு சிரித்தான்.
"பதிமூணு பாகை, துயாரா.
கூடினாலும் குத்தம், குறைஞ்சாலும் குத்தம்."
விழ விடாமல், எழ விடாமல்
நான்கு நாளில் முடுக்கி முடித்தான்.

புது வீட்டுத் தரை மட்டமாக இருக்கிறது.
முதல் வாரம் தள்ளாடினேன்.
குடிக்கிறேன் என்று எதிர்வீட்டு வசிலீசா
மாடிப்படி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.
கெஸ்கில் இன்னும் பாதிக் கிண்ணம்தான் ஊற்றிக்கொள்கிறான்.
இடது காதுக் கம்மல் கழன்று விழுந்து
மூன்று மாதமாகிறது.
எந்த மூலையில் தேடுவது?
இங்கே எல்லா மூலையும் ஒன்றுதான்.

நேற்று ரொட்டி வாங்கப் போனவள்
வேண்டுமென்றே ஆற்றங்கரை வழியாகச் சுற்றினேன்.
ஒரு குடும்பம். அப்பா, அம்மா,
மூக்கு ஒழுகும் பையன், அவன் அத்தையாக இருக்கலாம் ஒருத்தி.
"ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா?"

ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனை வாங்கினேன்.
மஞ்சள் பாதங்களில் ஏறி நின்று
நால்வரும் கை நீட்டினார்கள்.
திரைக்குள் என் சமையலறை ஜன்னல்,
உள்ளே அடுப்பில்லாத இருட்டு.

போனைச் சாய்த்தேன்,
கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
வீடு நிமிர்ந்தது.
அந்த நால்வரும் சரிந்தார்கள்,
பின்னால் கப்பல் சரிந்தது,
லீனா ஆறு மொத்தமும்
வடமேற்கு மூலைக்கு வழியத் தொடங்கியது.

"சிரிங்க," என்றேன்.